மீ லா ப்யீ

எங்கள் கட்டிடம் ஆறு மாடி. லிஃப்ட் கிடையாது.
பசுண்டாங்கில் இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

போன மழைக்காலம் வரை
கரண்டு வந்தால் கத்துவோம்.
மீ லா ப்யீ!
விளக்கு வந்தாச்சு என்று
பர்மியன், சீனன், நாங்கள்,
நாலாம் மாடி சூரத்திக்காரர்,
எல்லாருக்கும் அந்த ஒரு வாக்கியம் தாய்மொழி.
எங்கள் தெருவுக்கு முறை
ராத்திரி ஒன்றிலிருந்து ஐந்து.
முதல் குரல் அநேகமாக
ஐந்தாம் மாடி டோ நில்லாருடையது,
தூங்காமலே காத்திருப்பாள் போல.
அப்புறம் படிக்கட்டு முழுக்கக் குரல்.
மோட்டார் ஓடும், டாங்கி நிரம்பும்,
குக்கரில் அரிசி விழும்,
பள்ளிக்கூடத்துப் பச்சை லுங்கி இஸ்திரிக்கு வரும்.
இரண்டு மணிக்குக் கட்டிடமே
ங்கப்பி வாசனையோடு விழித்திருக்கும்.
தலை வாராமல், கண்ணில் பீளையோடு
மொட்டைமாடியில் சண்டை போட்டிருக்கிறேன்,
தண்ணீருக்காக, அதே டோ நில்லாரோடு.

முதலில் வாங்கியது இரண்டாம் மாடித் தங்க புரோக்கர்.
வெள்ளைப் பெட்டி. சீனத்துச் சரக்கு.
சத்தம் இல்லை, புகை இல்லை.
அன்றிலிருந்து அவர் வீட்டுக் குரலும் இல்லை.
பிறகு நாலாம் மாடி, ஆறாம் மாடி.
ஒவ்வொரு பெட்டி ஏறும்போதும்
படிக்கட்டில் ஒரு தொண்டை குறைந்தது.

எங்களுக்குக் கொழுந்தன் பணம் அனுப்பினான், ஜொகூரிலிருந்து.
பாஸ்போர்ட்டில் ஸா மின், வீட்டில் சிங்காரம்.
பால்கனிக் கயிற்றில் ஏற்றிவிடலாமா என்றார் இவர்.
பேப்பரும் வெங்காயமும் ஏறுகிற கயிறு!
இரண்டு பையன்கள் முதுகில் சுமந்து வந்து
மூன்றாம் மாடியில் இறக்கி
ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று ராத்திரி கரண்டு எப்போது வந்ததோ, போனதோ.
விசிறி ஒரு சுற்றுக்குக்கூடத் தயங்கவில்லை.
மகன் கேட்டான்,
இப்ப கரண்டு இருக்கா, இல்லையா?
பெட்டியை எட்டிப் பார்த்துத்தான் சொன்னேன்.
நாலு வருஷத்தில் முதல் தடவையாக
விடியும்வரை தூங்கினேன்.
அதைக் குறை சொன்னால் வாய் அழுகும்.

ஆனால் பெட்டியின் நெற்றியில் ஒரு எண் எரிகிறது.
டியூஷன் பிள்ளைகளுக்குச்
சதவீதம் சொல்லித் தருகிறவள் நான்.
சோற்றுக்குப் பதினெட்டு, விசிறிக்கு மணிக்கு இரண்டு,
விருந்தாளி வந்தால் எத்தனை என்று
மனசு தானாகவே போட்டுப் பார்க்கிறது.

கீழே வெற்றிலைக் கடை கோ பா சோவிடம் பெட்டி இல்லை.
கயிற்று நுனிக் கிளிப்பில் போனை மாட்டி
இரண்டு தரம் இழுப்பான், மேலே என் மணி அடிக்கும்.
நாலு சதவீதத்தில் ஏறும். நிறைந்து இறங்கும்.
அடுத்த நாள் அதே கிளிப்பில் இரண்டு பீடா,
ஏலக்காய் கூடுதலாக.

நேற்று எண் பதினேழில் நின்றது.
மணி அடித்தது.
விசிறியை அணைத்துவிட்டு
வீட்டில் ஆள் இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.
மகனையும் பேசாதே என்று சைகை காட்டினேன்.
கயிறு கொஞ்ச நேரம் ஆடியது.

ராத்திரி ஒன்றேகாலுக்குக் கீழேயிருந்து
மீ லா ப்யீ!
ஒற்றைக் குரல். அவன்தான்.
படிக்கட்டு பதில் சொல்லவில்லை.
எழுந்து போய் பால்கனிக் கதவைத் திறந்து
கத்திவிட்டேன்,
பழைய மாதிரி, அடிவயிற்றிலிருந்து.
நமக்குத்தான் வெளிச்சம் போகவே இல்லையே,
என்றார் இவர், தலையைத் தூக்கி.

மேலே யாரோ இருமினார்கள்.
டோ நில்லாராக இருக்கலாம்.
அவளிடம் பெட்டி இருக்கிறதா என்று
இதுவரை நான் கேட்டதில்லை.

இருட்டில் கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.
கிளிப் காலியாக ஏறி வந்தது.